பின்கட்டுக் குடித்தனம்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா கண்ணு?" என்றுதான் சொல்வார். கேட்டு எழுதலாம் என்றால் இப்போது அவர் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கி என் தம்பியை வளர்த்தவர் என்று சொன்னால் போதும். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் நானும் தம்பியும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

எதையும் தொடங்குவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட வேண்டும் அவருக்கு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்ஸில் ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு இருப்பார்கள். இவர் கீழே நின்றபடியே, கூடையை மடியில் வைத்துக்கொண்டால் அதற்குக் காசு கேட்கக் கூடாது, கோயில் பக்கத்தில்தான் இறக்கிவிட வேண்டும், பஸ் நடுவழியில் நின்றுபோனால் பாதிக் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று கண்டக்டரிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள். ஏறின பிறகு நான் கத்துவதைவிட இப்போது நீங்கள் கத்துவதே மேல் என்பார்.

அங்காளம்மனிடமும் அப்படித்தான். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். சுற்றிலும் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி அழுதுகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் காய்க்காரியிடம் பேசுகிற மாதிரி மெதுவான குரலில், தம்பிக்கு மாந்தம் நின்றுவிட்டால் ஒரு பானை பொங்கல், நிற்காவிட்டால் வெறும் கற்பூரம்தான், அப்புறம் மனசு நோகக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாந்தம் நின்றது. அடுத்த அமாவாசைக்குச் சொன்னபடி பானையை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் அந்தப் பானைக்கும் பேச்சுவார்த்தை நடந்தது.

நான் அப்படியே எதிர்மாறு. கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூட வாய் திறந்து கேட்க மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, அவரை நினைத்தால் எனக்கு இத்தனை பெருமை.

எங்கள் வீடு செஞ்சியில் நயினார் வீடு, தமிழ்ச் சமணக் குடும்பம். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். தம்பி பிறந்த பிறகு அம்மா உடம்பு தேறவே இல்லை. குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பியோ பகலில் தூங்கி ராத்திரியில் அழுகிற பிள்ளை. வீட்டைப் பார்த்துக்கொண்டது நைனாவின் அக்கா, என் அத்தை. அவராலும் ராத்திரியில் விழிக்க முடியவில்லை. அப்போதுதான் வல்லத்துக்கு அந்தாண்டை ஒரு ஊரிலிருந்து இவரை யாரோ சொல்லி அனுப்பினார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவர். புருஷன் செத்துப்போய், இருந்த ஒரே மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார்.

வந்தவர் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டு, பேசிக்கலாங்களா என்றார்.

அத்தைக்கு அது புரியவில்லை. என்ன பேசுவது? வீட்டோடு இருக்கப் போகிறாள், மூன்று வேளையும் சாப்பிடப் போகிறாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை. அறுப்பு முடிந்தால் நெல். வீட்டு மனுஷி மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும். அதுதான் அத்தைக்குத் தெரிந்த ஏற்பாடு. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சம்பளம் காசாக வேண்டும், முதல் தேதி கையில் வேண்டும். சேலை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் அதைச் சம்பளத்தில் சேர்க்கக் கூடாது. அமாவாசைக்கு லீவு. ஏய், அடியே என்று கூப்பிடக் கூடாது, பேர் இருக்கிறது. தூங்குவதற்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை. மண்டி ஆட்கள் நேரம் காலம் இல்லாமல் வந்து போகிற வீட்டில் கூடத்து மூலையில் படுக்க முடியாது. குழந்தை தன்னோடு அந்த அறையில் தூங்கும்.

கடைசியாக ராத்திரிச் சாப்பாட்டைக் கேட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டோம். அடுப்பும் மூட்ட மாட்டோம். நெருப்பில் பூச்சி விழுந்து சாகும் என்பதுதான் காரணம். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் எங்கள் அடுப்படியைச் சாத்திவிடுவார்கள். வேலைக்கு இருந்தவர்களுக்கும் அதே சட்டம்தான். சாயந்திரம் எங்களோடு அவர்களும் சாப்பிட்டுவிடுவார்கள். அவர்களுக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு அது சரி. விடிய விடியக் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறவருக்குப் பசிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அத்தை, இந்த வீட்டு வழக்கத்தை உனக்காக மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம் என்றார் இவர். பொழுது இருக்கும்போதே என் அறை வாசலில் நானே பொங்கி மூடி வைத்துக்கொள்கிறேன், ராத்திரியில் நெருப்பு மூட்ட மாட்டேன், ஆறின சோறுதான் தின்பேன், அதை நான் எத்தனை மணிக்குத் தின்கிறேன் என்று நீங்கள் பார்க்கக் கூடாது. அப்புறம், என் பக்கத்துப் பேச்சையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இன்னும் கொஞ்சம் சொன்னார். இந்த வீட்டு வாசலுக்குள் கவுச்சி கொண்டுவர மாட்டேன். குழந்தையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதைக்குப் போக மாட்டேன். போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போவேன்.

நைனா மண்டிக்குக் கிளம்பி நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டார். மண்டியில் எடையும் விலையும் முதலில் பேசி முடிப்பார்கள், பேசின பிறகு மாற்ற மாட்டார்கள். இந்த அம்மா மண்டிக்கு வந்திருக்க வேண்டிய ஆள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். பின்கட்டில் கிணற்றைத் தாண்டி விதைக்கான மல்லாட்டைக் காய் கொட்டி வைக்கிற அறை ஒன்று இருந்தது. மூட்டைகளை மண்டிக்கு அனுப்பி, சுண்ணாம்பு அடித்து, தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கையை நீட்டித் தம்பியை வாங்கினார்.

தம்பியிடமும் பேசித்தான் வளர்த்தார். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதற்கு முன், இத்தனை சொம்புதான், அதற்கு மேல் ஊற்றினால் நீ அழலாம், அதுவரைக்கும் அழக் கூடாது என்று சொம்பைக் காட்டிச் சொல்வார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொம்பையே பார்ப்பான். சொன்னதற்கு மேல் ஒரு சொம்பு அவர் ஊற்றியதில்லை. சீயக்காய் தலையில் பாதி ஒட்டிக்கொண்டு இருந்தாலும் துண்டை எடுத்துவிடுவார். ஒட்டினது ஒட்டினபடி தம்பி தெருவில் போவான். அத்தைதான் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு அமாவாசை அன்று தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கோயிலுக்கும் ஊருக்கும் போகக் கூடையைக் கட்டி வைத்திருந்தவர், யாரும் சொல்லாமலே கூடையை அவிழ்த்தார். இரண்டு நாள் ஈரத்துணியும் கையுமாக இருந்தார். காய்ச்சல் விட்டதும் நைனாவிடம் வந்து, இந்த மாத லீவு நிற்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. அன்பு இருக்கிறவள் லீவு கணக்குப் பார்ப்பாளா என்று கேட்டார்.

"அன்பு குழந்தைக்குங்க பெரியம்மா. லீவு எம் பொண்ணுக்கு" என்றார் இவர்.

அம்மா கட்டிலில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மகளுக்கு என்ன வயது, என்ன படிக்கிறாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு அம்மா கேட்டார். என் வயதுதான். நான்காவது படிக்கிறாளாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி.

அடுத்த வருஷம் அவள் ஐந்து முடித்தாள். தங்கை வீட்டில், இனிமேல் களை எடுக்க அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்து செஞ்சிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தினமும் வந்துபோவது சின்னப் பெண்ணுக்கு முடியாது. இவர் ஒருநாள் நைனா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை காத்திருந்து, என் அறையில் என் மகளும் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நைனா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மண்டிப் பழக்கம். ஆரம்பத்தில் இதைப் பேசவில்லையே என்றார்.

அவருடைய வார்த்தையையே எடுத்து அவர் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. முந்தானையைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "சரிங்க ஐயா. பேசல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாதம் முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. தம்பிக்கு அதே சொம்பு, அதே கதை. எனக்குத்தான் பயமாக இருந்தது. அத்தையோ, ஆளா கிடைக்காது, போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போதெல்லாம் தம்பி எங்கே இருக்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

முதல் தேதி வந்தது. சம்பளத்தை வாங்கி முடிச்சில் கட்டிக்கொண்டு, அவர் நகராமல் நின்றார்.

"அன்னிக்குப் பேசினது இன்னியோட முடிஞ்சுதுங்க ஐயா. புதுசா பேசிக்கலாமா? ஒத்து வந்தா இருக்கறேன். வரலன்னா வேற ஆளைப் பாருங்க. ஒரு மாசம் இருந்து பழக்கி வச்சிட்டுப் போறேன்."

ஏற்கெனவே பேசினதுதானே என்று நைனா ஆரம்பித்தார்.

"போன வருசம் பேசின வெலைக்கா ஐயா இந்த வருசக் காயை எடுக்கறீங்க?"

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தோற்றுப்போனதும் தெரிந்தது, அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததும் தெரிந்தது. சரி, பேசும்மா என்றார்.

அதற்குள் அத்தை முந்திக்கொண்டார். அவர் மனதும் கல் இல்லை. பெண் வந்து இருக்கட்டும், சோறும் நாமே போட்டுவிடலாம், காலையில் வாசல் கூட்டி, நாலு பாத்திரம் துலக்கி, கடைக்குப் போய் வந்தால் அதுவே போதும் என்றார். இதைவிட என்ன வேண்டும் என்பது மாதிரி எல்லோரையும் பார்த்தார். நைனாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். என் வயதுப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வரப்போகிறாள் என்று நான் மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

"அது வேணாங்க" என்றார் இவர். பிறகு, எங்கே தான் கோபமாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தவர் போல, நிதானமாகத் திரும்பவும் சொன்னார். "பெரியம்மா நல்ல மனசுலதான் சொல்றாங்க. ஆனா சோத்துக்கு வந்த பொண்ணு இன்னிக்கு நாலு பாத்திரம் தொலக்கும், நாளைக்கு நாப்பது தொலக்கும். அப்புறம் புஸ்தகத்த எப்ப எடுக்கும்? அவ படிக்க வர்றா. எங்கிட்ட சம்பளம் இருக்குது. அந்த ரூமுக்கு இன்னா வாடகைன்னு சொல்லுங்க, குடுக்கறேன். அவளுக்கு நானே பொங்கிப் போட்டுக்கறேன். இந்த வீட்டு வேலை எதுவும் அவ செய்ய மாட்டா."

வீட்டில் சம்பளத்துக்கு இருக்கிறவரே அந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பதை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அத்தை முணுமுணுத்தார். நைனாவின் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. வேலைக்காரியிடம் வாடகை வாங்குகிறவன் என்று மண்டியில் பேசினால் அவருக்கு அவமானம்.

அம்மா என்னைப் போலத்தான். நைனா இருக்கும் இடத்தில் குரல் எழும்பாது. அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நின்றார். கைக்குழந்தையாக இருந்தபோது பேசின சம்பளம் அது, இப்போது பையன் ஓடுகிறான், கிணற்றை எட்டிப் பார்க்கிறான், பார்த்துக்கொள்வது முன்னைவிடக் கஷ்டம் என்றார். சம்பளத்தைக் கூட்டுங்கள், வாடகையை அதில் கழித்துக்கொள்ளுங்கள், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

இவர் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தார். வைத்துவிட்டு, கூட்டிக்கொடுப்பது சரி, கழிப்பது மட்டும் வேண்டாம் என்றார். ரெண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நாளைக்கு எது சம்பளம், எது வாடகை என்று தெரியாது. சம்பளம் முழுசாக என் கைக்கு வரட்டும். வாடகையை நான் கொடுக்கிறேன்.

அப்படியே ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் தேதியும் நைனா ஊஞ்சலில் உட்கார்ந்து அவருக்குச் சம்பளம் கொடுப்பார். அவர் வாங்கிக்கொண்டு பின்கட்டு வரைக்கும் போவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, வாடகைங்க ஐயா என்று நீட்டுவார். நைனா எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். அப்போது நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் அந்த அறை ஒழுகியது. குடியிருக்கிறவர்கள் சொல்கிற மாதிரி வந்து சொன்னார். வீட்டுக்காரர் மாதிரி நைனா மறுநாளே ஆள் விட்டு ஓடு மாற்றினார்.

அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. அவள் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. எனக்குப் புத்தகத்தை மூடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அந்த வருஷம் முழுப் பரீட்சை சமயத்தில் மேல்சித்தாமூரில் எங்கள் சமணக் கோயில் தேர் வந்தது. தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கிவிட்டார்கள். பந்தி போட்டபோதே வெயில் சாய்ந்திருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அத்தனை பேரும் சாப்பிட்டுக் கை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பட்டினியாகத்தான் படுக்க வேண்டும். அத்தை அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடினார். அம்மா உட்கார்ந்தபடி இலைகளைத் துடைத்துக் கொடுத்தார். நான் அப்பளம் வைத்துக்கொண்டு போனேன். அக்கா, தம்பிக்கும் வந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் முற்றத்தில் ஊட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்தால் பின்கட்டு நேராகத் தெரியும். அந்த அறைக் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள். அத்தை கூஜாவோடு நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் கண் பின்கட்டில் போய் நின்றது. ஏ பொண்ணு, எழுந்து வா, இதைப் பிடி என்று கூப்பிட்டார்.

அவள் தலையைத் தூக்கினாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்திருக்க ஒரு காலை ஊன்றிவிட்டாள். அக்கா கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"உக்காரு. படி" என்றார் மகளிடம். பிறகு அத்தையிடம், "பெரியம்மா, நான் வர்றேங்க. இவனுக்கு ரெண்டு வாய்தான் பாக்கி" என்றார்.

அத்தைக்கு இத்தனை பேர் முன்னால் முகம் சிவந்துவிட்டது. ஒரு கூஜா தண்ணீர் எடுத்தால் உன் மகள் கை தேய்ந்துவிடுமா என்று கேட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல் இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், யார் அந்தப் பெண், வேலைக்கு இருக்கிறவளா என்று நைனாவைக் கேட்டார்.

நைனா கையில் நெய்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் பதில் சொன்னார். அந்தக் குரல் கூடத்துக் கோடி வரைக்கும் கேட்டது.

"இல்லைங்க மாமா. அவங்க நம்ம வீட்டுல குடியிருக்கறவங்க. வாடகை குடுத்து இருக்கறாங்க. பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை."

"பின்கட்டுல தனிக் குடித்தனம்" என்றார் நைனாவும், நெய்யை ஊற்றிக்கொண்டே.

அத்தை என்னைத் தேடிப் பிடித்து, கூஜாவை என் கையில் திணித்தார். எனக்கும் நாளைக்குப் பரீட்சைதான் என்பதை நான் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரிசையில் போனேன். அந்தப் பக்கம் அவள் மறுபடி புத்தகத்தை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டினார்.

நான் முதல் இலைக்கு வந்தபோது, எதிர் வரிசையில் யாரோ தேரில் நடந்ததைச் சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்கள். பெரியவர் எச்சில் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"மெல்லப் பேசுங்கப்பா. அங்க குடித்தனக்காரங்க பொண்ணு படிக்குது இல்ல?"

அவ்வளவு பெரிய பந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிட்டு எழுந்தது.